பக்கத்து சீட்டுக்கு நாலு டயர்

இந்த ஊரிலேயே மெதுவாகப் போகிற வண்டியை ஓட்டுவது என் அக்கா வீட்டுக்காரர். வேகமாகப் போகக்கூடிய வண்டிகளில் ஒன்றை வைத்திருப்பதும் அவரேதான். முதலாவது அமரர் ஊர்தி. கறுப்பு நிறம், நல்ல நீளம், பின்னால் பெரிய கண்ணாடி. அது அவருடைய உத்தியோகம். இரண்டாவது, இரண்டே பேர் உட்காரக்கூடிய, இடுப்பு உயரம்கூட இல்லாத வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் கார். அது அவருடைய உயிர்.

மாமா அமரர் ஊர்தி ஓட்டுவதை ஒருதரம் பார்த்துவிட்டால் மறக்காது. பெட்டியின் மேல் வைத்த மலர்வளையம் வீட்டு வாசலில் எப்படி இருந்ததோ, கல்லறைத் தோட்டத்து வாசலிலும் அப்படியே இருக்கும். பிரேக்கைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சிக்னல் மாறப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் காலை எடுத்துவிடுவார். வண்டி தானாகவே மனசு வந்து நிற்பதுபோல நிற்கும். தன் வண்டியில் ஏறின யாரும் இதுவரை ஒரு புகார் சொன்னதில்லை என்று சொல்லிச் சிரிப்பார். முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகு வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கூரியர்க்காரன். ஸ்கூட்டரில் நாள் முழுக்கப் பறப்பவன். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மாமா இவர்.

அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒரு டாக்டருடையது. டாக்டரைக் கடைசியாகக் கொண்டுபோய் விட்டவர் மாமாதான். அவர் வண்டி ஓட்டிய நிதானத்தைப் பார்த்துவிட்டு டாக்டரின் பிள்ளைகள், அப்பா காரை உங்களை மாதிரி ஒருத்தர் கையில் கொடுத்தால் எங்களுக்கு நிம்மதி என்று சொல்லி, மாமாவால் கொடுக்க முடிந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள். மாமா அந்தக் காரைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டார். வாரம் முழுக்க உறை போட்டு மூடி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று.

அக்காவுக்கும் அதில் கொள்ளை ஆசை இருந்தது. அவள் செருப்புக்கடையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர்கள் பாதத்தைப் பார்க்கிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கால் நீட்டி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பது பெரிய சுகம். மாமாவுக்கு வழியெல்லாம் பேச்சு. "பாரேன்" என்று ஆரம்பிப்பார். பாரேன், அந்த நாய் ஆளை இழுத்துக்கிட்டுப் போகுது. பாரேன், அந்த மாடிக்குப் புதுசா வண்ணம் அடிச்சிருக்காங்க. வாரம் முழுக்க வாய் திறக்கக்கூடாத உத்தியோகம் பார்க்கிறவர், சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பார்.

போன வருஷம் ஒரு தூறலில் அதற்கு முடிவு வந்தது. பேக்கரிக்கு எதிரே இருக்கிற ரவுண்டானாவில் கார் திரும்பிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று வழுக்கியது. சாதாரணமாக இல்லை. ஒரு முழு வட்டம் அடித்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பேக்கரி வாசலில் நின்றவர் கையிலிருந்த ரொட்டிகூடக் கீழே விழவில்லை. ஆனால் அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோய் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

மாமா கெஞ்சிப் பார்த்தார். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் அவள் சொன்ன பதில் எங்கள் வீட்டில் சாசனமாகிவிட்டது.

"எப்படியும் கடைசியா ஒரு தடவை உங்க வண்டியில ஏறத்தான் போறேன். அது இந்த வண்டி இல்ல."

பக்கத்து சீட் காலியானது. நான் அதில் ஏறி உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. முதுகைப் பிடித்துத் தள்ளுகிற அந்த வேகம், தரையோடு தரையாக உட்கார்ந்து போகிற அந்தக் கெத்து, சிக்னலில் பஸ்காரர்கள் எட்டிப் பார்க்கிற பார்வை! ஸ்கூட்டர்க்காரன் வேறென்ன கேட்பான்? ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாமா ஏதாவது ஒன்றைப் பார்த்து "பாரேன்" என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் திரும்புவார். என் மூஞ்சியைப் பார்ப்பார். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிடும். நான் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள் எல்லோரும் வரிசையாக மலைப்பாதையில் ஏறி, மேலே ஏரிக்கரை ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். இந்த வருஷம் போவதற்கு முன்பு காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார் மாமா. மெக்கானிக் நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

டயர் தேயவே இல்லை, பள்ளமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே என்று மாமா பெருமைப்பட்டாராம். அதுதான் கோளாறு என்றாராம் மெக்கானிக். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வருஷம் எண்ணில் அச்சடித்திருக்கும். பார்த்தால் அந்த டயர்கள் டாக்டர் நன்றாக நடமாடிய காலத்தில் வாங்கியவை. ஓடாமல் உறைக்குள்ளேயே கிடந்து ரப்பர் இறுகிப்போயிருக்கிறது. வெயிலில் சமாளிக்கும். ஈரத்தில் தரையைப் பிடிக்காது. குழந்தைபோலப் பொத்திப் பொத்தி வைத்ததில் வந்த வினை.

வேறு யாராக இருந்தாலும் செலவை நினைத்து முகம் சுண்டியிருக்கும். மாமா என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார், கறுப்பு கோட்டோடு. எங்கள் மேலாளர் அமரர் ஊர்தியை வாசலில் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆச்சு என்று வெளிறிப்போய் எழுந்து நின்றார்.

"மாப்ள, அன்னிக்கு வழுக்கினது நான் இல்ல. டயர்" என்றார் மாமா. வாயெல்லாம் பல்.

அன்று முதல் மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம், போனில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு டயர் சோதனைப் படங்கள் பார்ப்பார். ஈரத் தரையில் எது எத்தனை தூரத்தில் நிற்கிறது, எது வழுக்கிக்கொண்டு போகிறது. ஒருநாள் ஏதோ ஒரு டயர் வளைவில் அற்புதமாகப் பிடித்து நின்றதைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறார். துக்க வீட்டுக்காரர்கள் அதைக் கவனித்துவிட்டு, யாரோ ஒருவருக்காக இப்படி உருகுகிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டாராம். வேறு வழி?

ஆனால் கடைசியில் அவர் மனசு போய் நின்றது பந்தயத் தளத்துக்காகவே செய்த ஒரு டயரில். வழுவழுவென்று, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பள்ளம். காய்ந்த சாலையில் பசைபோல ஒட்டுமாம். போனின் முகப்புப் படமே அதுதான். நானும் நன்றாகத் தூபம் போட்டேன். அக்கா எப்படியும் ஏறப்போவதில்லை, மலைக்குப் போகப்போவது நாம்தான், வாங்குவதே வாங்குகிறோம், இதையே வாங்கிவிடுவோம் என்றேன். அன்று வீட்டுக்குப் போனவர், அக்காவிடம் டயர் இறந்துபோன கதையைச் சொல்லியிருக்கிறார். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, டயர் வாங்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னாளாம். டயரைப் பார்த்த பிறகுதான் மற்றது.

மாமாவுக்கு அந்த "மற்றது" போதும். மலைக்குப் போகிற நாளுக்கு முந்தின சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைகூட அவ்வளவு தவித்திருக்க மாட்டான். அக்கா பஸ்ஸில் வந்தாள். மாமா காரில் வந்தார். நான் ஸ்கூட்டரில். மூன்று பேரும் டயர்க்கடை வாசலில் ஏதோ தற்செயலாகச் சந்தித்தவர்கள் மாதிரி நின்றோம்.

டயர்க்கடைக்காரர் கலகலப்பானவர். ஒரு டயரைப் பாராட்ட வேண்டுமென்றால் அதை முதுகில் தட்டுவதுபோல ஓங்கித் தட்டுவார். மாமாவின் கனவு டயரைத்தான் முதலில் உருட்டிக்கொண்டு வந்து படாரென்று தட்டினார். மாமாவின் கண் விரிந்தது. என் கண்ணும்தான். அக்கா அதைத் தொடக்கூட இல்லை. அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, மாமாவை உட்காரச் சொன்னாள். எதிரே குனிந்து நின்றாள். அது அவள் கடையில் நிற்கிற நிலை. யார் வந்தாலும் அவள் முதலில் செருப்பை எடுக்க மாட்டாள், ஆளைத்தான் விசாரிப்பாள்.

எங்கே போட்டுக்கொண்டு போவீர்கள் என்று கேட்டாள். மாமா ஊருக்குள்ளே, வருஷத்துக்கு ஒருதரம் மலைக்கு என்றார். பந்தயத் தளத்துக்குப் போனதுண்டா? இல்லை. போகிற உத்தேசம்? மாமா யோசித்துவிட்டு இல்லை என்றார். தண்ணீரில் நனையுமா? அந்த நாளுக்குப் பிறகு மழையில் வெளியே எடுப்பதே இல்லை என்று குற்றவாளிபோலச் சொன்னார். எடுக்க ஆசையா? ஆசைதான். இந்த ஊரில் பாதி வருஷம் மழைதானே. டயர்க்கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அக்கா கேட்டாள். "யார்கூடப் போவீங்க?"

மாமா டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் நிமிர்ந்து நின்றேன் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்கூடன்னு நினைச்சுத்தான் இங்க வந்தேன்."

டயர்க்கடைக்காரர் யாரும் சொல்லாமலே அந்தக் கனவு டயரைத் திரும்ப உருட்டிக்கொண்டு உள்ளே போனார். போகட்டும் என்று எனக்கும் தோன்றியது. அந்த மாதிரி ஒரு பதிலைக் கேட்ட பிறகு தூபம் போட எவனுக்கு வாய் வரும்?

அடுத்து வந்தது பெரிய குடும்பக் கார்களுக்குப் போடுகிற மெத்தென்ற டயர். சத்தமே வராது, குலுங்கவே குலுங்காது என்றார் கடைக்காரர். அதைத் தட்டும்போது மட்டும் கையில் சுரத்தில்லை. அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், தடவிக் கொடுத்தாள். இந்த வண்டிக்கு இதைப் போட்டால் ஓட்டுகிறவருக்குச் சோபாவை உருட்டுகிற மாதிரி இருக்கும் என்று கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். மாமா உடனே குறுக்கே விழுந்தார். அவளுக்குப் பிடித்தால் போதும், இதையே போட்டுவிடுங்கள். அவர் சிரித்த சிரிப்பு எனக்கே பாவமாக இருந்தது. அக்கா ஒரு நிமிஷம் அந்தச் சிரிப்பையே பார்த்தாள்.

"இந்த மூஞ்சியத் தினமும் கடையில பாக்குறேன்" என்றாள். "வீட்டுல சொன்னாங்கன்னு வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் அது கட்டிலுக்கு அடியிலயே கிடக்கும். வேற எடுங்க."

இரண்டுக்கும் நடுவிலான ஒன்று வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் டயர்தான், ஆனால் மழையையும் நினைத்துச் செய்தது. தண்ணீரை வெளியே தள்ள நீள நீளமாக ஆழமான பள்ளங்கள். அக்கா தன் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினாள். தண்ணீர் பள்ளத்தில் ஓடி என் காலில் விழுந்தது. இது என்ன சோதனை, எதன் மேல் ஊற்றினாலும் தண்ணீர் கீழேதான் போகும் என்றேன். உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றாள். மாமா அந்த டயரைச் சுற்றி வந்தார். குனிந்து அதன் விளிம்பைப் பார்த்தார், பக்கவாட்டில் வருஷத்தைப் படித்தார். புத்தம் புதுசு. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது வேறு சிரிப்பு. கடைக்காரர் படாரென்று தட்டினார். முடிந்தது.

மாட்டி முடித்துக் காரை இறக்கும்போது கடைக்காரர் ஒரு எச்சரிக்கை சொன்னார். புது டயர் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும். அது தேய்ந்து போகும்வரை கொஞ்ச தூரம் பூப்போல ஓட்ட வேண்டும். அடித்துப் பிடித்துப் பிரேக் போடக்கூடாது, வெடுக்கென்று திருப்பக்கூடாது. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டதும் அழாத குறையாக நிற்பார்களாம். மாமாவுக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"பிரேக்கே தொடாம ஓட்டணும், அவ்வளவுதானே? அது நம்ம வேலையாச்சே" என்றார்.

அக்கா காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீடு வரைக்கும்தான், நாளைக்கு வருவதைப் பற்றி வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்றாள். வீட்டுக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் எல்லாம் இருந்தது.

மாமா கிளம்பினார். முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், முகத்தில் ஒரு அசைவில்லை. நான் பின்னால் ஸ்கூட்டரில். அந்த வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, விழுந்துவிடும். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது. முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, அடங்கிவிட்டார்கள். நடைபாதையில் போன ஒருவர் நின்று தொப்பியைக் கழற்றினார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மாமா நேராகப் போனார். சரி, டயரைப் பழக்கச் சுற்றிப் போகிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியைத் தாண்டினார். மரங்கள் வரிசையாக நிற்கிற நீளச் சாலையில் ஏறினார். மனசு முழுக்க டயரிலும் பக்கத்து சீட்டிலும் இருந்திருக்கிறது. அந்த வேகத்துக்கு அவருடைய கைகளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். கார் கொஞ்சம்கூடக் குலுங்காமல் போய் நின்ற இடம், கல்லறைத் தோட்டத்து வாசல்.

காவலாளி மாமாவின் முகத்தைத்தான் பார்த்திருப்பார். எழுந்து ஓடி வந்து இரண்டு கதவையும் அகலத் திறந்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

மாமா கைகளைப் பார்த்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. எந்தப் பெண்ணிடம், இந்த வண்டியில் ஏறவே மாட்டேன், கடைசியாக அந்த வண்டியில் ஏறுகிறேன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, அவளை முதல் நாளே இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாரே மனிதர். அக்கா கதவைத் திறந்தாள். இறங்கினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அதே மாதிரி. முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காவலாளி தலை நிமிர்ந்து, வெள்ளி நிறக் குட்டிக் காரையும், எதிரே முழு உயிரோடு நிற்கிற அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு யாரும்மா?" என்றார் மெதுவாக.

"யாரும் இல்லண்ணே. டயர் பழக்கிட்டு இருக்கோம்" என்றாள் அக்கா.

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். இறங்கினது அதற்காகத்தானாம், அந்தக் குட்டிக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சிரிக்க இடமில்லையாம். காவலாளியும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தார். அக்கா மறுபடி ஏறி உட்கார்ந்து கைப்பையைக் காலடியில் போட்டாள். இன்னும் எவ்வளவு தூரம் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்டாள். ரொம்ப தூரம் என்றார் மாமா. அப்படியானால் வீட்டுக்கு அப்புறம் போகலாம் என்றாள். அன்று பொழுது சாயும்வரைக்கும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் தூறல். நான் வழியனுப்பப் போனேன், ரவுண்டானாவுக்கு. பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றேன். சங்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் வெள்ளிக் கார் வந்தது, பூப்போல இல்லை, ஸ்போர்ட்ஸ் கார் போலவே வந்தது. ஈரச் சாலையில் வட்டத்துக்குள் நுழைந்தது. நூல் பிடித்த மாதிரி வளைந்தது, தண்ணீரை இரண்டு பக்கமும் விசிறிக்கொண்டே. மலைக்குப் போகிற சாலைக்குத் திரும்பவில்லை. மறுபடி சுற்றியது. மூன்றாவது முறையும் சுற்றியது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டது அக்காதானாம், பிற்பாடு மாமா சொன்னார்.

கடைசிச் சுற்றில் என்னைத் தாண்டும்போது கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து எதையோ சுட்டிக்காட்டினார். உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

அவர் காட்டியது என்னைத்தான். கார் விசிறின தண்ணீரில் தொப்பலாக நனைந்துபோய், கையில் ரொட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.